அம்பாசிடருக்கு வேற என்ஜின் போடலாமா? முதல்ல பின்பக்கத்தைப் பாருங்க

1/
இன்னைக்கு சுகரும் இல்லை, பி.பி.யும் இல்லை. கார். எங்க அப்பாவோட 1972 மாடல் அம்பாசிடர் படத்தைப் போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல பாதிப் பேர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "டாக்டர், இதுக்கு வேற என்ஜின் போட்டு பவர் ஏத்தலாமா?" எங்க வீட்டுலயே ஒரு வருஷம் ஓடின கேள்வி இது. எனக்கும் தம்பிக்கும் பேச்சே நின்னுபோற அளவுக்குப் போச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

2/
அப்பா ஆம்பூர்ல ஒரு டேனரியில கணக்கு எழுதினவர். முதலாளி புது வண்டி எடுத்தப்போ, இந்தப் பழைய வண்டியை தவணையில அப்பாவுக்குக் கொடுத்தார். எங்க தெருவுக்கே அதுதான் ஆம்புலன்ஸ். ராத்திரி பிரசவ வலின்னாலும், நெஞ்சு வலின்னாலும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேலூருக்கு அப்பா ஓட்டிக்கிட்டுப் போவார். நான் டாக்டருக்குப் படிச்சதுக்கு அந்தப் பின் சீட்டும் ஒரு காரணம்.

3/
இப்ப அதே ரோடு சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. எங்க வண்டி 60-ல போகும். பக்கத்துல எல்லாம் 100-ல போகும். தம்பி தோல் ஏற்றுமதி வேலையில இருக்கான், வாரத்துல மூணு நாள் ராணிப்பேட்டை போய் வரணும். அவன் சொன்னது: "அண்ணா, வேகமா போறது ஆபத்துன்னு சொல்றீங்க. எல்லாரும் 100-ல போற ரோட்ல 60-ல போறதும் ஆபத்துதானே?"

சரியான கேள்வி. மெதுவா போற வண்டி மேல பின்னால வர்ற லாரி மோதின கேஸ்களை நானே கேஷுவால்டியில பார்த்திருக்கேன். அதனால "பழசு பழசாவே இருக்கட்டும்"னு சொல்லி என்னால தப்பிக்க முடியல.

4/
அம்பாசிடர் அடிப்படையில இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரீஸ் 3. மேற்கு வங்கத்துல உத்தர்பாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரைக்கும் செய்தது. எங்க வண்டியில இருக்கிறது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். 1990-களின் தொடக்கத்துல கம்பெனியே அதே உடம்புல இசுசு 1.8 லிட்டர் என்ஜினையும் 5 கியர் பாக்ஸையும் வச்சு வித்தது. சுமார் 75 குதிரைத்திறன்.

உடைக்கப்போன அப்படி ஒரு வண்டியில இருந்து தம்பி என்ஜினையும் கியர் பாக்ஸையும் வாங்கிட்டு வந்துட்டான். ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தான். "கம்பெனியே போட்டது, நாம போட்டா என்ன?" என்பது அவன் வாதம்.

5/
எங்க மெக்கானிக்கை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். நாற்பது வருஷமா அம்பாசிடர் பார்க்கிறவர். தம்பி பானட்டைத் திறந்து காட்டினான். அவர் அதை எட்டிக்கூடப் பார்க்கல. நேரா டிக்கி பக்கம் போய் கீழே படுத்துட்டார். அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளியே வந்து சொன்னார்: "டாக்டர் சார், என்ஜின் போடறது ரெண்டு நாள் வேலை. அது தர்ற இழுப்பை ரோட்டுக்குக் கொண்டுபோறது இந்தப் பின்பக்கம்தான். இது தாங்காது."

6/
ஏன் தாங்காது? அம்பாசிடரோட பின்பக்கம் கமான் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். இந்தப் பட்டைக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, வண்டி எடையைத் தாங்குறது. இன்னொண்ணு, பின் ஆக்ஸிலை அதோட இடத்துல பிடிச்சு வைக்கிறது. சக்கரம் தள்ளுற விசை முழுக்க இந்தப் பட்டை வழியாத்தான் பாடிக்குப் போகுது. வேற கம்பியோ கையோ கிடையாது.

7/
சக்கரத்தை முன்னோக்கிச் சுத்த வைக்கும்போது, ஆக்ஸில் ஹவுசிங் எதிர்ப்பக்கம் சுத்தப் பார்க்கும். அதைத் தடுக்கிறதும் அதே பட்டைதான். 50 குதிரைக்கு அது சமாளிக்கும். இழுப்பை ஏத்தினா பட்டை 'எஸ்' எழுத்து மாதிரி வளையும், உடனே திமிறி நிமிரும், மறுபடி வளையும். சக்கரம் ரோட்டுல தட தடன்னு குதிக்கும். குதிக்கிற சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல ஏதோ ஒண்ணுல, மழையில, முதல் கியர்ல அழுத்தும்போது இது நடந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

8/
அதே நேரத்துல புரொப்பல்லர் ஷாஃப்டோட கோணமும் மாறும். யு.ஜே. கிராஸ் தேயும். கிரவுன், பினியன் பல்லுக்கு அடி விழும். அதாவது கிளட்ச்ல இருந்து டயர் வரைக்கும் எது பலவீனமோ அங்க உடையும். இதய அடைப்புக்கு ஒரு குழாயை மட்டும் சரி பண்ணிட்டு மத்ததைப் பார்க்காம அனுப்பினா என்ன ஆகும்? அதேதான் இங்கயும்.

"அப்ப பட்டையை ரெண்டு கூடுதலா அடுக்கிட்டா?"ன்னு தம்பி கேட்டான். அப்படிச் செய்தா பின்பக்கம் விறைச்சுப்போகும், குண்டு குழியில சக்கரம் தரையை விட்டு எழும்பும். சரியான வழி, பட்டையைப் பட்டை வேலைக்கு விட்டுட்டு, ஆக்ஸில் சுத்தாம தடுக்கத் தனியா ஒரு இணைப்புக் கம்பி, நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ். அந்தக் கம்பியைச் சேர்க்க பாடியில வெல்டிங் பண்ணணும். ஐம்பது வருஷத் தகடு, துரு எங்க ஒளிஞ்சிருக்குன்னு யாருக்கும் தெரியாது.

9/
இப்ப ஒரு சின்னக் கணக்கு. பவர் ஒன்றரை மடங்கு ஆனா வேகமும் ஒன்றரை மடங்கு ஆகும்னு நினைக்கிறோம். ஆகாது. காத்தோட எதிர்ப்பை வெல்லத் தேவையான பவர், வேகத்தோட மும்மடிக் கணக்குல ஏறும். 50-ல இருந்து 75 குதிரை போனா உச்ச வேகம் சுமார் 14 சதவீதம்தான் கூடும். லாபம் எல்லாம் ஏத்தத்துலயும் ஓவர்டேக் பண்றதுலயும்தான்.

10/
ஆனா பிரேக் கணக்கு வேற. 60-ல போற வண்டியை நிறுத்துறதை விட, 100-ல போற வண்டியை நிறுத்த பிரேக் சுமார் 2.8 மடங்கு சக்தியை விழுங்கணும். எங்க வண்டியில நாலு பக்கமும் டிரம் பிரேக். மலை இறங்கும்போது சூடாகி, மிதிச்சாலும் பிடிக்காத நிலைக்கு வரும். அதனால பாய் சொல்ற வரிசை: முதல்ல பிரேக், அப்புறம் பின்பக்கம், கடைசியில என்ஜின். நம்மில் பலர் செய்றது தலைகீழ்.

11/
டாக்டரா ஒரு விஷயம். அந்தக் காலத்து பாடி கெட்டி, உண்மை. ஆனா மோதினா நசுங்கி அடியை வாங்கிக்கிற பகுதி அதுல இல்லை. அடி உள்ள இருக்கிறவங்களுக்கு வரும். ஸ்டியரிங் தண்டு மடங்காது, நெஞ்சுக்கு நேரா நிக்கும். சீட் பெல்ட் கிடையாது.

சிலர் இடுப்புக்கு மட்டும் ஒரு பெல்ட் மாட்டிக்கிறாங்க. மோதும்போது உடம்பு அந்த இடத்துல மடங்கும், குடல் கிழியலாம், முதுகெலும்பு உடையலாம். இதுக்கு மருத்துவத்துல 'சீட் பெல்ட் சின்ட்ரோம்'னே பேர். போட்டா தோளும் இடுப்பும் சேர்ந்த மூணு புள்ளி பெல்ட், அதுவும் தகடு வச்சு பலப்படுத்தின இடத்துல.

12/
அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு முரணா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வகை என்ஜினை மாத்தவே ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில பதிவும் வேணும். வேற சி.சி. என்ஜினைச் சத்தமில்லாம போட்டு ஓட்டி விபத்து ஆச்சுன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கிற முதல் கேள்வி அதுதான். அடிபட்டவர் குடும்பத்துக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்க?

13/
இன்னொண்ணு: 2021-ல வந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின, சொந்த உபயோக வண்டிகளை 'விண்டேஜ்'னு பதியலாம். சேசிஸ், பாடி, என்ஜின் பெரிய மாற்றம் இல்லாம அசலா இருக்கணும். அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான். நாங்க இன்னும் அதுக்குப் போகல. ஆனா என்ஜினை மாத்தினா அந்தக் கதவு மூடிடும்.

14/
இவ்வளவும் சொல்லியும் தம்பி இறங்கி வரல. கடைசியில அப்பாகிட்ட போனோம். வயசு 84. "வண்டி ஓடணும், பொம்மையா நிக்கக் கூடாது"ன்னு சொல்லி தம்பி பக்கம்தான் சாய்வார்னு ரெண்டு பேருமே நினைச்சோம்.

அவர் ஆர்.சி. புக்கைக் கொண்டு வரச் சொன்னார். கண்ணாடி போட்டு என்ஜின் நம்பரைப் படிச்சார். "டேனரியில வருஷக் கடைசியில ஸ்டாக் எடுப்போம். புக்குல ஆயிரம் தோல்னா குடோன்ல ஆயிரம் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் தப்பு, ஒண்ணு கூடினாலும் தப்பு. புக்குல ஒரு நம்பர், வண்டியில வேற நம்பர்னா அது கள்ளக் கணக்குடா. அந்த வண்டியில நான் கர்ப்பிணிங்களை ஏத்திட்டுப் போயிருக்கேன்." அவ்வளவுதான். தம்பி அதுக்கு மேல பேசல.

15/
நாங்க செய்தது: பிரேக் லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. கமான் பட்டையில விரிசல் விட்ட ரெண்டை மாத்தி, புஷ், ஷாக்கிள், யு போல்ட், ஷாக் அப்சார்பர் புதுசு. யு.ஜே. கிராஸ் மாத்தினோம். பழைய என்ஜினுக்கு கம்ப்ரெஷன் பார்த்தா, நாலு சிலிண்டர்ல ரெண்டு சோர்ந்து கிடந்தது. போர், ரிங், வால்வு, கார்புரேட்டர் வேலை முடிஞ்சதும் தம்பியே கேட்டான், "பாய், இதுல வேற ஏதாவது போட்டீங்களா?" இல்லை. கம்பெனி கொடுத்த 50 குதிரை முழுசா இப்பத்தான் வேலை செய்யுது.

16/
ஹைவே பிரச்சினை? அது தீரல. பழுது பார்த்த 50 குதிரையும் 50 குதிரைதான். ராணிப்பேட்டைக்கு தம்பி இப்ப வேற வண்டியில போறான். அம்பாசிடர் ஊருக்குள்ள, சர்வீஸ் ரோட்டுல, பகல்ல மட்டும். ஷெட்டுல இருந்த இசுசு என்ஜின் வாணியம்பாடியில ஒருத்தருக்குப் போச்சு. அவர்கிட்ட இருக்கிறது கம்பெனியே 1.8 போட்டு வித்த வண்டி, என்ஜின் சீஸ் ஆகி நின்னிருந்தது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி மாத்தினார்.

17/
உங்ககிட்ட பழைய வண்டி இருந்தா, பவரைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இந்த நாலைப் பாருங்க:
பிரேக் நேரா, முழுசா பிடிக்குதா?
கமான் பட்டையில விரிசல், புஷ்ஷுல தேய்மானம் இருக்கா?
கம்ப்ரெஷன் சரியா இருக்கா?
ஆர்.சி.யில இருக்கிற என்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணா?

பாதிப் பேருக்கு "பவர் இல்லை"ங்கிற குறை இதுலயே தீர்ந்துடும். கமென்ட்ல உங்க வண்டி மாடலையும் வருஷத்தையும் போடுங்க. எனக்குத் தெரியாததை பாய்கிட்ட கேட்டுச் சொல்றேன்.