அரங்கின் மூலையில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு

அன்புள்ள நாற்காலியே,

உனக்கு யாரும் கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். வாடகைக்கு வருகிறாய், காட்சி முடிந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பொங்கலையொட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது, பதிப்பகத்தார் உன்னை ஓரமாக இழுத்துப் போட்டு, 'ஆசிரியர் இன்று கையெழுத்திடுகிறார்' என்று ஒரு தாளையும் ஒட்டி, என்னை உட்காரவைப்பார்கள். அந்த மாலைகளுக்கெல்லாம் சேர்த்து உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாற்காலியே, முதலில் நீ கொடுத்தது வெறும் நேரம். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லியாகிவிட்டது, ஒருவரும் வரவில்லை. கடைசியில் வந்த ஒரு அம்மா, "தம்பி, பொன்னியின் செல்வன் எந்தப் பக்கம் இருக்கு?" என்றார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு ஆளுக்கொரு பதிப்பு, ஆளுக்கொரு விலை. எதில் எழுத்து பெரிதாக இருக்கும், எதில் படம் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் நான் தேறிவிட்டேன். அந்த நாவல் திரைப்படமாக வெளியான கையோடு வந்த 2023 ஜனவரியில், கையெழுத்துப் போட்டதைவிடக் கல்கிக்கு வழி சொன்னதுதான் அதிகம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இன்னொருவர் புத்தகத்தை விற்றுக்கொடுக்கும் சந்தோஷம் நீ இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

நாற்காலியே, வாசகரைப் பக்கத்திலிருந்து பார்க்க வைத்தவன் நீ. ஒருவர் வருவார். என் புத்தகத்தை எடுப்பார், பின்னட்டையைப் படிப்பார், விலையைப் பார்ப்பார், அங்கே இருக்கும் என் படத்தைப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அவ்வளவுதான், சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போலப் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எழுதியவன் எதிரே உட்கார்ந்திருந்தால் வாங்காமல் போவது சங்கடம் அல்லவா! கொஞ்ச நாளில் எனக்கு விஷயம் பிடிபட்டது. தலையைக் குனிந்து செல்போனை நோண்டினால் போதும், போனவர் திரும்பி வருவார். ஓரக்கண்ணால் பார்ப்பேன். முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர் அபூர்வம். நடுவில் எங்கேயோ பிரித்து நின்றபடியே படிப்பார்கள். என்னுரையை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. போன தொகுப்பில் என்னுரையை எடுத்துவிட்டேன். நடுப்பக்கங்களைக் கூடுதலாக இரண்டு தடவை திருத்தினேன். எந்த விமர்சகரும் இந்த யோசனையைச் சொல்லவில்லை.

நாற்காலியே, 2016 உனக்கு ஞாபகம் இருக்கும். முந்தின டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பகங்களின் கிடங்குகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஜனவரியில் நடக்க வேண்டிய காட்சி ஜூனுக்குத் தள்ளிப்போய்த் தீவுத்திடலில் நடந்தது. என்ன வெயில்! சட்டை உன் முதுகில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அப்போது ஒரு பெண் துணிப்பையிலிருந்து என் பழைய தொகுப்பு ஒன்றை எடுத்து நீட்டினார். நனைந்து காய்ந்து இரண்டு மடங்காக உப்பியிருந்தது. அட்டையில் சேற்றுக் கறை, தாள்களில் பூஞ்சை வாடை. "புதுசு தரச் சொல்றேனே" என்றேன். "இதுல நான் கோடு போட்டு வெச்சிருக்கேன் சார், இதுலயே போடுங்க" என்றார். பேனா மை அந்தத் தாளில் ஊறிப் படர்ந்தது. கையெழுத்து என்று சொல்ல முடியாது, ஒரு நீலத் திட்டு. அவர் ஊதி ஊதிக் காயவைத்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கிடைத்த எந்த விருதையும் அதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

நாற்காலியே, ஊர் ஊராகவும் நீதான் கூட வந்தாய். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதப் புத்தகத் திருவிழாவில் குடும்பம் குடும்பமாக வந்தவர்களை உன்மேல் உட்கார்ந்துதான் பார்த்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியில், வருகைப் பதிவுக்காக உட்காரவைக்கப்பட்ட மாணவர்கள் முன்னால் மேடையில் நீயும் நானும் விழித்துக்கொண்டிருந்தோம். பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள், பஸ் காசை மறந்துவிட்டார்கள். கொண்டுபோன புத்தகப் பெட்டி அப்படியே திரும்பியது. ஆனால் அந்தக் கல்லூரி இருந்த அதே மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஒரு புக்கு வித்தா உங்களுக்கு எவ்ளோ?" என்றான். ஆசிரியர் முறைத்தார். பத்து சதவீதம், இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு இருபது ரூபாய் என்று சொன்னேன். "அவ்ளோதானா?" என்று அவன் எனக்காகப் பரிதாபப்பட்டான். இலக்கியக் கூட்டங்களில் இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதில்லை.

நாற்காலியே, கூட்டம் அலைமோதிய மாலைகளும் இல்லாமல் இல்லை. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயரைக் கேட்டு, ஸ்ரீயா சிறீயா என்று உறுதி செய்து, தேதி போட்டு, வழவழப்பான உள்ளட்டையில் ஜெல் பேனா ஈஷிக்கொள்ளும் என்பதால் அடுத்த தாளைத் திருப்பிப் போட்டு, செல்ஃபிக்குச் சிரித்து, அடுத்தவர். கை வலித்ததே தவிர, யார் முகமும் மனதில் நிற்கவில்லை. காலியாக இருந்த மாலைகள்தான் எனக்கு மனிதர்களைக் கொடுத்தன. முந்நூறு பிரதி அச்சிட்டு, தீர்ந்தால் மறுபடி அச்சிடும் இந்தக் காலத்தில், என் போன்றவனுக்கு வாசகர் என்பவர் இப்படி ஒருவர் ஒருவராகத்தான் கிடைப்பார்.

நமக்குள் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்ட வாசகரே, உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அரங்கின் மூலையில் ஒரு எழுத்தாளர் தனியாக உட்கார்ந்திருந்தால் பயப்படாதீர்கள். புத்தகத்தை எடுங்கள், நடுவில் பிரித்து நான்கு பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போங்கள். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.