பச்சோந்தியும் இலையான்களும்

கனடாவில் இருக்கும் தம்பியின் மகள் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள். ஏமன் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட பச்சோந்தி ஒன்றை வாங்கியிருக்கிறாளாம்.

"பெரியப்பா, நீங்கள் சின்னனிலை பச்சோந்தி வளர்த்தனீங்களாமே. என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

தம்பி என்னைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்லியிருக்கிறான் போலும். எனக்கு உடனே பதில் வரவில்லை.

1981ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. திருகோணமலையில், மூதூருக்கு லாஞ்ச் புறப்படும் இறங்குதுறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு லொறிச் சாரதி மன்னார்ப் பக்கத்துப் பற்றைக்குள் பிடித்த பச்சோந்தி ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். இலங்கையில் உள்ள ஒரே பச்சோந்தி இனம் அது. நான் அழுது அடம்பிடித்து அதை வாங்கிக்கொண்டேன். இன்று அப்படி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அன்று எங்கள் தெருவில் அதைக் கேட்பார் எவருமில்லை.

அம்மம்மாவுக்கு அதைக் கண்டாலே நடுக்கம். ஆகவே அப்பாவின் கண்ணாடி அலுமாரியின் ஒரு தட்டைக் காலிசெய்து, வேப்பங்கிளை ஒன்றை நட்டு, அதற்குள் குடிவைத்தேன். காலை வெயில் கண்ணாடியூடாக அதன் முதுகில் விழும். நல்ல இடம் என்று நினைத்தேன்.

உணவுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரையில் சூடைக் கருவாடு காயும் பாய்களைச் சுற்றி இலையான்கள் மொய்த்துக் கிடக்கும். பள்ளி விட்டதும் போத்தலோடு ஓடுவேன். அரைமணி நேரத்தில் முப்பது, நாற்பது சிக்கும். அலுமாரிக்குள் திறந்துவிட்டால், ஒரு கண் இலையானிலும் மறு கண் என்னிலுமாக அது சற்று நேரம் யோசிக்கும். பிறகு உடலைவிட நீளமான நாக்கு ஒரு கணம் வெளியே போய் மீளும். தெருப்பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்க்க வருவார்கள். அந்த நாட்களில் நான் ஒரு பிரமுகன்.

வளவில் தத்துவெட்டி இருந்தது, கும்பிடுபூச்சி இருந்தது, வண்ணத்துப்பூச்சி இருந்தது. அவற்றைத் துரத்திப் பிடிப்பது சிரமம். இலையான் சுலபம். ஆகவே நாள் தவறாமல் இலையான்தான்.

மூன்றாம் மாதம் அதன் முன்னங்கால் ஒன்று வில்லாக வளைந்தது. கிளையைப் பற்றிய பிடி நழுவி அடிக்கடி விழுந்தது. நாக்கை நீட்டும், இலையானை எட்டாமல் பாதியில் தொங்கும். சாரதி ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதைக் கொண்டுபோய் வேப்பமரத்திலை விட்டிடு. தன்ரை சாப்பாட்டை அது தானே தேடும்." நான் மறுத்துவிட்டேன். இன்னும் அதிக இலையான் பிடித்து வந்தேன். இரண்டு கிழமையில் அது செத்துப்போனது.

பத்திரிகையில் சேர்ந்தபின், தொண்ணூறுகளில், ஞாயிறு இதழுக்கு இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். "முதுமையால் இறந்தது" என்று அதில் எழுதியிருந்தேன். அதன் வயது எனக்குத் தெரியாது. அந்தச் சொல் வசனத்துக்குப் பொருத்தமாக வந்து விழுந்தது, அவ்வளவுதான். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

சில ஆண்டுகளின் பின், வேறொரு செய்திக்காக மிருக வைத்தியர் ஒருவரைச் சந்தித்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வளைந்த கால் என்றதுமே அவருக்கு விளங்கிவிட்டது. பெரும்பாலான பூச்சிகளில் பொஸ்பரசு அதிகம், கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுத்துக்கொள்ளும். எலும்பு இரப்பர்போல் ஆகும். நாக்கை எறியும் தசைகளும் தளரும். காட்டில் அது பலவகைப் பூச்சிகளை உண்கிறது. அவற்றின் வயிற்றில் பலவகை இலைகள். ஆனால் உணவு மட்டும் காரணமல்ல என்றார். உண்ட கல்சியத்தை உடல் ஏற்க விற்றமின் டி3 வேண்டும். அதை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது. நான் நல்ல இடமென்று நினைத்த அலுமாரியில் வெயிலின் சூடு மட்டுமே அதற்குக் கிடைத்திருக்கிறது.

பத்திரிகையில் பெயரெழுத்தை மாற்றிப் போட்டால்கூட மறுநாள் திருத்தம் போடுவோம். இதற்கு நான் போடவில்லை. இதையே அந்தத் திருத்தமாகக் கொள்ளுங்கள்: அது முதுமையால் இறக்கவில்லை.

பெறாமகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே பூச்சியைக் கொடுக்காதே. கொடுக்கும் பூச்சிகளுக்கு முதல்நாளே கீரை தின்னக் கொடு. ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் முருங்கையிலை கிடைக்கும். பூச்சியின்மேல் கல்சியத் தூளைத் தூவு. கிண்ணத்துத் தண்ணீரை அது தேடாது, இலையில் துளிகளாகத் தெளி. புற ஊதா விளக்குக்கும் அதற்கும் இடையில் கண்ணாடி வேண்டாம். உன்னுடையது இலையும் தின்னும் இனம், எங்கள் ஊருடையது அப்படியல்ல.

"இவ்வளவும் தெரிஞ்சா வளர்த்தனீங்கள்?" என்றாள்.

இல்லை என்றேன்.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். நிறத்தைப் பார்க்கவில்லை. முன்னங்காலைத்தான் முதலில் பார்த்தேன். நேராக இருந்தது.