முனி மேல் பழி

சிரம்பான் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். ரப்பர்க் காட்டில் ஒரு பிள்ளை கண்ணில் படாவிட்டால், தேடப் போவதற்குள் "முனி மறைச்சிருக்கும்" என்று கதை கிளம்பிவிடும்.

2019 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, பந்தாய் அருகே விடுமுறை விடுதியிலிருந்து 15 வயது நோரா காணாமல் போனபோதும் ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு. பத்தாம் நாள் ஓடையோரம் உடல் கிடைத்தது.

2021 ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றம் 'விபத்து மரணம்' என்றது. மாற்றுத்திறனாளியான மகள் இருட்டில் தனியாகக் காட்டுக்குள் போயிருக்க மாட்டாள் என்று பெற்றோர் விடாமல் கேட்டார்கள். ஜூனில் சிரம்பான் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, முடிவு கூறாத திறந்த தீர்ப்பு அளித்தது.

முனி மேல் பழியைப் போட்டால் நமக்குக் கதை முடிந்துவிடும். யாரும் எதையும் தேட வேண்டியதில்லை. பெற்றவர்களுக்கு அப்படி முடிவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுவோம். கேள்வியாவது உயிரோடு இருக்கும்.