மலையிலிருந்து ஒரு கால்பந்துக் கரைக்கு...

ஏற்காட்டுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கிளியூர் அருவியைப் பார்க்காமல் போவதில்லை. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் சுமார் 300 அடி கீழே அருவியாக விழுகிறது. கிளியூர்க்காரர்களுக்கு அந்தச் சரிவு வேறொரு விதத்திலும் பழக்கம். இந்தப் பக்கத்தில் பந்து விளையாடக் கிளம்பினால், முதலில் தேட வேண்டியது பந்தை அல்ல, சமதளத்தை! கையகலச் சமதளம் கிடைத்தாலும் அதில் வீடு இருக்கும், இல்லையென்றால் காபிச் செடி இருக்கும். ஓங்கி உதைத்தால் பந்து இரண்டு தோட்டம் தாண்டித்தான் நிற்கும்.

இடமே இல்லாத ஊரில் ஆட்டக்காரர்கள் உருவாவார்களா? உருவாவார்கள் என்கிறது தமிழ்நாட்டின் இன்னொரு மூலை. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் ரயில் பிடித்து, நாகர்கோவில் போய், மார்த்தாண்டம் வழியாகப் பேருந்தில் மேற்கே போனால் அரபிக்கடல் ஓரமாக அந்த ஊர்கள் வருகின்றன. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. எட்டு மீனவக் கிராமங்கள். ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். நடுவில் ஒரு நாடா போல மணல். அதற்குள்தான் வீடுகள், தேவாலயம், பள்ளி, படகு, வலை எல்லாம். இத்தனைக்கும் நடுவே இந்த ஊர்கள் கால்பந்துக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. மணலில் ஓடிப் பழகிய கால், புல்தரையில் இன்னும் லேசாக ஓடும். எல்லை தாண்டினால் வரும் கேரளத்தின் பொழியூரும் சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களுக்குப் பெயர் பெற்ற கடற்கரை ஊர்தான்.

இந்தக் கரையின் ஆண்கள் ஆழ்கடல்காரர்கள். சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கொச்சியில் படகு ஏறினால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். லட்சத்தீவு, கோவா, குஜராத் கடல் என்று மீன் இருக்கும் இடமெல்லாம் போவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் அப்படிப் போயிருந்தவர்கள் பலர். திரும்பாதவர்களும் பலர். மகன் பந்து விளையாடினால் இங்கே ஒரு தாய் சந்தோஷப்படுவதற்கு, கோல் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மைதானத்துக்குப் போனவன் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவான் இல்லையா?

இரவிபுத்தன்துறையின் சூசைராஜ்

1994-ல் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்த ஊர்க்காரர். இவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். நடுக்களத்தில் பந்தை வாங்கி, எதிரணித் தடுப்பைக் கிழித்துக்கொண்டு முன்னே போகும் ஆட்டம் சூசைராஜுடையது.

ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்காக ஆடியபோதுதான் நாடு அவரைக் கவனித்தது. 2018-ல் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அழைத்தது. போனார். அவர் போன அதே பருவத்தில், 2019 மார்ச்சில், சென்னை சிட்டி கோயம்புத்தூரில் வைத்து ஐ-லீக் பட்டம் வென்றது! கூட ஆடியவர்கள் கோப்பையைத் தூக்கும்போது, சூசைராஜ் வேறு அணியின் சட்டையில் இருந்தார்.

அடுத்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2019-ல் இந்திய அணியிலும் இடம் கிடைத்தது. ஏ.டி.கே.வில் ஸ்பெயின் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது ஓரத்துக்கு மாற்றினார். கோட்டை ஒட்டி மேலே ஓடி தாக்கவும் வேண்டும், பந்து பறிபோனால் கீழே ஓடி வந்து தடுக்கவும் வேண்டும். பெயர் வாங்கித் தந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் ஆடச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சூசைராஜ் ஓடினார். 2020 மார்ச் 14-ல் கோவாவில் ஏ.டி.கே. 3-1 என வென்று சாம்பியன் ஆனது. தோற்றது நம்ம சென்னையின் எஃப்.சி. கொரோனா அச்சத்தால் அன்று அரங்கில் ரசிகர்களே இல்லை.

ஏ.டி.கே., மோகன் பகான் இணைந்த பிறகு, 2020 நவம்பர் 20-ல் முதல் போட்டி. எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். முதல் பாதியிலேயே சூசைராஜுக்கு முழங்காலில் அடி. அந்தப் பருவம் முழுவதும் போனது. 26 வயது, நல்ல ஃபார்ம், சாம்பியன் அணி... எல்லாம் ஒரே மாலையில் நின்றது. முழங்கால் தசைநார் காயம் என்றால் மாதக்கணக்கில் வெயிட் தூக்கி, நடந்து, மெல்ல ஓடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் தொடங்கினார். பிறகு ஒடிசா அணிக்கும் ஆடினார்.

ஊர் ஊராகப் போகும் கால்கள்

கால்பந்தை உயிராக நினைக்கும் இத்தாலியிலும் இதே கதை உண்டு. அலெஸாண்ட்ரோ டியாமாண்டி என்ற தாக்குதல் நடுக்கள வீரர், 2012 யூரோ காலிறுதியில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பிய கடைசி பெனால்டியை அடித்தவர். ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் பெட்டி கட்டுவதுதான். லிவோர்னோ, லண்டனின் வெஸ்ட் ஹாம், பொலோனியா, சீனாவின் குவாங்சோ, கடைசியில் ஆஸ்திரேலியா. பத்துக்கும் மேற்பட்ட அணிகள்!

மெஸ்ஸி, ரொனால்டோவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சின்ன வாழ்க்கையாகத் தெரியலாம். ஆனால் கால்பந்தை நடத்துவதே இவர்கள்தான். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். பயிற்சியாளர் மாறினால் அடுத்த இடம். முழங்கால் சொல்வதைப் பொறுத்துத்தான் அடுத்த வருட வருமானம்.

தூத்தூர் கரைக்கு இது புதிதல்ல. எங்கே மீன் இருக்கிறதோ அங்கே போவது, சில நாள் வலை நிறைய, சில நாள் வெறும் வலை, எப்படியிருந்தாலும் மறுபடி கடலுக்குப் போவது... சூசைராஜ் ஆடப்போன கோவாவுக்கும் கொச்சிக்கும் இந்த ஊர்ப் படகுகள் அவருக்கு முன்பே போய் வந்தவைதான்.

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் சூரிய உதயமும் விவேகானந்தர் பாறையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கி, தேங்காப்பட்டணத்தில் தாமிரபரணி கடலில் கலப்பதைப் பாருங்கள். (நெல்லை தாமிரபரணி வேறு, இது குமரி மாவட்டத்தின் ஆறு.) அங்கிருந்து கரையோரமாக மேற்கே வாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வந்தால் நல்லது, வெயில் தாழ்ந்திருக்கும். அப்போது மணலில் ஏதாவது ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நன்றாக ஆடும் பையனைக் கண்டால் கைதட்டிவிட்டு வாருங்கள்.