சொல்லத் தயங்கிய செபம்

பரந்த உள்ளம் படைத்தவரைப் 'பெரிய இதயம் கொண்டவர்' என்று போற்றுகிறோம். என் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கு அப்படி இதயம் பெரிதானதே நோயாயிற்று. தசை வலுவிழந்து இடது கீழறை விரிந்துவிட்டது. அறை விரிய விரிய, அதன் சுவர் முன்னிலும் அதிகமாக உழைக்க வேண்டியுள்ளது. உழைத்து உழைத்து மேலும் தளர்கிறது.

"வெட்டிச் சிறிதாக்க முடியாதா?" என்று அவன் தாய் மருத்துவரிடம் கேட்டாராம். அதையும் செய்து பார்த்தவர்கள் உண்டு. 1990களில் பிரேசில் நாட்டு மருத்துவர் ராண்டாஸ் பாட்டிஸ்டா, பெருத்த கீழறையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துத் தைத்தார். உலகம் வியந்தது. ஆனால் பலருக்கு இதயம் மீண்டும் தளர்ந்தமையால் அம்முறை வழக்கொழிந்தது. அளவைக் குறைக்கக் கத்தி போதும். ஆற்றலை அதனால் தர முடியவில்லை.

எஞ்சியவை இரண்டு: இதயத்துக்குத் துணைநிற்கும் இயந்திர பம்ப், அல்லது மாற்று இதயம். பம்ப்பின் விலை அக்குடும்பத்துக்கு எட்டாதது. மாற்று இதயத்துக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வந்த தாய், "சுவாமி, சீக்கிரமாக ஓர் இதயம் கிடைக்க ஒரு பூசை வையுங்கள்" என்றார்.

எசேக்கியேல் உரைத்த புதிய இதயத்தைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியவன் நான். அன்று நா எழவில்லை. இதயம் கிடைக்க வேண்டுமானால், எங்கோ ஒருவர் மூளைச்சாவு அடைய வேண்டுமே! இன்னொரு தாயின் கண்ணீரையா பீடத்தில் கேட்பேன்?

அன்றிரவு எட்வர்ட் தார்வால் நினைவுக்கு வந்தார். 1967 டிசம்பரில், கேப் டவுன் நகரில், ஒரே சாலை விபத்தில் மனைவியையும் 25 வயது மகளையும் இழந்தவர். மகளின் இதயத்தைத் தரச் சம்மதித்தவர் அவரே. அதைப் பெற்றவர் 18 நாள்கள் வாழ்ந்தார். மனிதரிடமிருந்து மனிதருக்கு மாற்றிய முதல் இதயம் அது. அறுவை செய்த கிறிஸ்டியன் பர்னார்டை உலகம் அறியும். அத்தந்தையை நினைப்பவர் சிலரே.

விபத்தை நம் செபம் வருவிப்பதில்லை. அந்த வேளையில் கொடுக்கும் மனத்தையே நாம் கேட்கிறோம். மறுநாள் திருப்பலியில், "துயரத்தின் நடுவிலும் கொடுக்கவிருக்கும் முகமறியாப் பெற்றோருக்காக" என்று மன்றாடினேன். முன்வரிசையிலிருந்த அந்தத் தாய் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அவன் இன்னும் காத்திருக்கிறான். அந்த வாரமே உறுப்புக் கொடைக்கு என் பெயரையும் பதிந்தேன். பிறரிடம் கேட்கும் செபத்துக்கு நானும் கடன்பட்டவன் அல்லவா?