முதுகில் ஓர் எஃகுத் தகடு

யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைக்கு மேல் ஆறு என்று ஒன்று கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, குகை குகையாக ஓடிக் கடலில் கலக்கிறது. கூரை இடிந்த இடங்களில்தான் அந்தத் தண்ணீர் கண்ணில் படும். செனோட்டே என்கிறார்கள். மெக்சிகோவின் துலூமுக்கு வடக்கே இருக்கும் டோஸ் ஓஹோஸ் அவற்றில் ஒன்று. அதற்குள் இறங்குவதற்காகத்தான் மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட் பிசிடியை விட்டு, முதுகில் கட்டும் பேக்பிளேட்டுக்கு மாறினேன்.

ஸ்கூபா பழக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் மாட்டிவிடுவது ஜாக்கெட்தான். காற்றை ஏற்றினால் விலாவும் வயிற்றுப் பக்கமும் உப்பிக்கொள்ளும். நீர்மட்டத்தில் தலையைத் தூக்கியபடி படகுக்குக் காத்திருக்க அது ரொம்ப வசதி. நீருக்கடியில் கதை வேறு. காற்று மார்பைச் சுற்றி மேலே இழுக்கிறது, இடுப்பில் கட்டிய ஈயம் கீழே இழுக்கிறது. கால் தாழ்ந்து, உடம்பு சாய்வாகவே போகும். திறந்த கடலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. குகைத் தரையில் படிந்திருக்கும் பொடிச் சேற்றுக்கு மேல் அப்படி நீந்தினால், ஃபின் அசையும்போதெல்லாம் சேறு கிளம்பிப் பின்னால் வருகிறவருக்கு வழி மறைந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர்களும் குகைக்காரர்களே. வட புளோரிடாவின் குகைகளுக்காக 1979-ல் கிரெக் ஃப்ளானகன் உருவாக்கியது பேக்பிளேட் என்ற இந்த உலோகத் தகடு. வில்லியம் ஹோகார்த் மெயின் பட்டை அமைப்பைச் செதுக்கிச் செதுக்கி எளிமையாக்கினார். ஒரு தகடு, அதன் துளைகளில் கோத்த ஒரே நீளப் பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விங் எனப்படும் காற்றுப்பை. அவ்வளவுதான். மார்பில் எதுவும் அழுத்தாது.

அந்த எளிமையை உடம்புக்குப் பொருத்துவதில்தான் நேரம் போகும். காரின் பின்கதவைத் திறந்துபோட்டு, என் வழிகாட்டி பட்டையை விரலளவு விரலளவாக இழுத்துச் சரிசெய்தார். புதுப் பட்டை விறைப்பாக இருக்கும். தண்ணீரில் நனைத்தால்தான் கொக்கிக்குள் நுழையும். தோளுக்கும் பட்டைக்கும் இடையில் தன் கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். இறுக்கமாக இருந்தால் கையை மடக்கிச் சிலிண்டர் வால்வைத் தொட முடியாது என்பது காரணம்.

எடைக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. எஃகுத் தகடு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கடலைவிட நன்னீரில் ஈயம் குறைவாகத்தான் வேண்டும். ஆக, இடுப்பிலிருந்த பாரத்தில் பெரும்பகுதி நுரையீரலுக்கு நேர் மேலே, முதுகுக்கு வந்துவிடுகிறது. மிதக்க வைக்கும் காற்றும் அதே இடத்தில். இழுபறி ஓய்ந்து உடம்பு கிடைமட்டமாகிறது. முழங்காலை மடித்துத் தவளை மாதிரி உதைத்தால் நீர் பின்னோக்கிப் போகுமே தவிர, தரையைத் தொடாது.

குகைக்குள் வழிகாட்டக் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றைப் பின்பற்றிப் போனோம். தண்ணீர் சுமார் 25 டிகிரி, கண்ணாடித் தெளிவு. கூரையிலிருந்து விழுதுவிழுதாகக் கற்கள். பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது, காய்ந்து கிடந்த குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. நீர் ஏறிய நாளோடு வளர்ச்சி நின்றது. ஒன்றில் விளக்கடித்துக் காட்டினார் வழிகாட்டி: நுனி முறிந்து, உள்ளே வெள்ளையாக வளையம் வளையமாகத் தெரிந்தது. எவருடைய சிலிண்டரோ இடித்திருக்க வேண்டும். அது இனி வளராது.

டோஸ் ஓஹோஸ் சாக் ஆக்துன் குகை அமைப்போடு இணைந்திருப்பது 2018-ல் உறுதியானது. அப்போது அளந்த நீளம் 347 கிலோமீட்டர். அதே அமைப்பிலுள்ள ஓயோ நெக்ரோ பள்ளத்தில் 2007-ல் கண்டெடுத்த நயா என்ற சிறுமியின் எலும்புக்கூட்டுக்கு 12,000 ஆண்டுக்கு மேல் வயது. அவள் நடந்த குகைகளில்தான் இன்று மிதக்கிறோம்.

நீர்மட்டத்துக்கு வந்ததும் விங்கை நிறைய ஊதினால் முகம் முன்னால் தள்ளப்படும். கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். ஒரே பட்டை என்பதால், ஆடுகிற சின்னப் படகருகே கழற்றுவதும் சிரமம். அதற்காக ஜாக்கெட்டுக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. பேக்பிளேட் தேர்ந்தவர்களுக்கானது என்று பல பயிற்சியாளர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பவளப்பாறையைக் காலால் உதைப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்களே. முதல் வகுப்பிலேயே அவர்கள் முதுகில் இந்தத் தகட்டைக் கட்டிவிடலாம்.