பால்மரமும் பழைய சுங்கானும்

சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவை அடுத்த சுங்கை ரோட்டில் நெடுங்காலம் நடந்துவந்த பழம்பொருட் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு முடிந்தது. அத்தகைய சந்தைகளில் வாய்க்குழல் இழந்த சுங்கான் ஒன்று கண்ணிற்பட்டால், விவரமறிந்தோர் அதனை ஒதுக்கிவிடமாட்டார்; கிண்ணம் பழுதற்றிருந்தால் சுங்கான் பிழைத்துக்கொள்ளும்.

கிண்ணம், மத்தியதரைக்கடல் நாடுகளில் வளரும் ஒருவகைப் புதர்ச்செடியின் வேர்முண்டிற் குடைந்தது. நெருப்புக்கு எளிதில் இளகாதது. உட்கரியைச் சுரண்டி, உப்பை நிரப்பி, தூய சாராயத்தைச் சொட்டவிட்டு ஓரிரவு வைத்தால், உப்புப் பழுப்பேறிப் பழைய வாடையை வாங்கிக்கொள்ளும்.

முதலில் கெடுவது வாய்க்குழலே. அது எபோனைட், ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் இறுகச் செய்தது. வெயில் படப்பட அதன் கருமை மங்கிப் பச்சை கலந்த பழுப்பாகும். வாயில் வைத்தாற் கசக்கும்.

அந்த ரப்பரின் கதையில் இவ்வூருக்குப் பங்குண்டு. இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் நாள்தோறும் பாலெடுக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களை ஓயாது வற்புறுத்தினார். பின்னர் மலாயாவெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. விடியுமுன் அங்கே கத்தி பிடித்தவருள் பெருந்தொகையினர் தமிழர். அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ அவ்வாழ்வைச் சொல்லும் நாவல். துரைமார் சுங்கான் பிடித்தனர். பாலெடுத்தவருக்கு வாய்த்தது வெற்றிலையும் சுருட்டுமே.

புதுக்குழல் செய்வோர் முதலில் எபோனைட் தண்டில் துளையிடுவர். பிறகே வெளிப்புறத்தைக் கடைவர். துளை சற்றுக் கோணினாலும், அதனையே நடுவாக வைத்துக் கடைந்துகொள்ளலாம் அன்றோ? மரத்துட் செருகும் முனைதான் பொறுமையைச் சோதிப்பது. மயிரிழை கூடுதலாகக் கடைந்தால் தளரும். தடித்ததை வலிந்து செருகினாற் கிண்ணத்தின் கழுத்துப் பிளக்கும். ஆகவே கடைவதும் பொருத்திப் பார்ப்பதுமாகப் பொழுது கழியும். பல் பற்றும் நுனியை அரத்தால் தட்டையாக்குவர். துளையுள் கம்பி செருகி, இளஞ்சூட்டில் வளைப்பர். கம்பியின்றி வளைத்தால் துளை நசுங்கும். பின்பு உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பர்.

நிறம் மாறாத ஆக்ரிலிக் இருக்க, எபோனைட் எதற்கு என்பாரும் உளர். ஆக்ரிலிக் பல்லுக்குக் கடினம் என்பது ஒரு விடை. பழஞ்சுங்கானுக்கு அதன் காலத்துப் பொருளே ஏற்றது என்பது மற்றொன்று. கடைசற் பொறியில் தண்டு சுழல்கையில் எழும் கந்தக வாடையும், கருஞ்சுருளாக உதிரும் ரப்பரும் ஆக்ரிலிக்கில் இல்லை.